குறைப் பதிவேடும் சேமித்த தேடலும்

பொதுமக்களின் குறைகளை எழுதிவைப்பதற்குப் பதிவேடு வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. எழுதிய குறையை மீண்டும் கண்டெடுப்பதற்கு என்ன ஏற்பாடு உண்டு என்ற கேள்வி மட்டும் எளிதில் எழுவதில்லை. காகிதப் பதிவேடு வழங்கிய காலத்தில் ஓர் எழுத்தரின் நினைவாற்றலே அதற்கு விடையாக இருந்தது. எந்தத் தெருவின் வடிகால் எத்தனை முறை அடைத்தது, எந்த மனுவுக்குப் பதில் போகவில்லை என்பவற்றை அவர் ஏட்டைப் புரட்டாமலே சொல்லிவிடுவார். அவர் ஓய்வு பெற்ற நாளில் அந்த அறிவும் அவருடன் அலுவலகத்தை விட்டு வெளியேறிவிடும்.

கணினிப் பதிவேடு வந்தபின் இந்நிலை மாறியது. இலட்சக்கணக்கான குறைகளை அது தாங்கும், எதையும் மறவாது. ஆயினும் அதன் பக்கங்களை எவரும் முதலிலிருந்து இறுதிவரை படிப்பதில்லை. ஊழியர் ஒரு வினாவைத் தொடுக்கிறார். அவ்வினாவுக்குப் பொருந்தும் பதிவுகள் மாத்திரம் திரையில் தோன்றுகின்றன. பொருந்தாதவை, பதிவேட்டில் இருந்தும் இல்லாதவையே. ஆதலின் ஒரு குறை கவனிக்கப்படுவதும் கவனிப்பாரற்றுக் கிடப்பதும் பெரும்பாலும் தேடல் எவ்வாறு அமைக்கப்பட்டது என்பதையே பொறுத்துள்ளன.

அடிக்கடி வேண்டிய தேடலுக்குப் பெயரிட்டுச் சேமித்து வைக்கும் வசதி இத்தகைய பதிவேடுகள் பலவற்றில் உண்டு. இதனை ஊழியரின் சொந்தச் சௌகரியம் என்று கருதுவதே வழக்கமாயுள்ளது. இக்கருத்தைத் திருத்திக்கொள்வது அவசியம். நாள்தோறும் எந்தக் குறைகள் அலுவலகத்தின் கண்ணிற் படவேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் தேடல், அந்த அலுவலகத்தின் ஆவணங்களுள் ஒன்றாகும். ஏனைய ஆவணங்களைப் போலவே அதுவும் தெளிவாக எழுதப்படவேண்டும், சோதிக்கப்படவேண்டும், காலந்தோறும் திருத்தப்படவேண்டும்.

ஸ்ரீவராகம் தரும் எடுத்துக்காட்டு

திருவனந்தபுரம் மாநகரில், பத்மநாபசுவாமி கோயிலைச் சூழ்ந்த கோட்டைப் பகுதிக்குத் தெற்கே அமைந்துள்ளது ஸ்ரீவராகம். வராகமூர்த்தியின் கோயில் ஊருக்குப் பெயரை அளித்தது. கோயிலைச் சார்ந்த பெருங்குளம் ஊருக்கு அடையாளமாக விளங்குகிறது. மலையாளமும் தமிழும் அருகருகே வழங்கும் நகரப் பகுதி இது.

மழைக்காலத்தில் இத்தகைய பகுதியின் தெரு ஒன்றில் நீர் தேங்கினால் அதற்குக் காரணம் பலவாக இருக்கலாம். மழைநீர் வடிகால் அடைத்திருக்கலாம். குடிநீர்க் குழாய் உடைந்திருக்கலாம். கழிவுநீர்க் குழாய் நிரம்பி வழியலாம். நகரத் தெருக்களின் வடிகால் பொதுவாக மாநகராட்சியைச் சார்ந்தது. குடிநீரும் கழிவுநீர்க் குழாய்களும் 1984-இல் அமைந்த கேரள நீர் ஆணையத்தைச் சார்ந்தவை. சாலை பொதுப்பணித் துறையினுடையதாயின் மூன்றாவதோர் அலுவலகமும் சேரும். வாயிற்படியில் நின்று நீரைப் பார்க்கும் குடும்பத்தினருக்கு இப்பாகுபாடு தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையாகாது. ‘தெருவில் தண்ணீர் நிற்கிறது’ என்றே அவர்கள் எழுதுவர்.

2024 ஜனவரி 1 முதல் கேரளத்தின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் கே-ஸ்மார்ட் என்னும் கணினி ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. 1999-இல் தொடங்கப்பட்ட இன்ஃபர்மேஷன் கேரளா மிஷன் இதனை உருவாக்கியது. பிறப்பு, இறப்புப் பதிவு, கட்டட அனுமதி, சொத்துவரி ஆகியவற்றோடு பொதுமக்களின் குறைகளும் இதன் வாயிலாக ஏற்கப்படுகின்றன. மத்திய அரசின் அலுவலகங்களைச் சார்ந்த குறைகளுக்கு 2007 முதல் சிபிகிராம்ஸ் என்னும் ஏற்பாடு இயங்கி வருகிறது. குறையைப் பதிவு செய்யும் வழி இவ்வாறு எளிதாகியுள்ளது. வழி எளிதாகுந்தோறும் பதிவுகள் பெருகும். பதிவுகள் பெருகுந்தோறும் தேடலின் பொறுப்பும் பெருகும்.

இவ்வகைப் பதிவேடு தோன்றிய விதம்

ஒவ்வொரு குறைக்கும் ஓர் எண், ஒரு நிலை, ஒரு பொறுப்பாளர் என்னும் அமைப்பு மென்பொருள் துறையில் செம்மையடைந்தது. 1998-இல் நெட்ஸ்கேப் நிறுவனம் தன் உலாவியின் மூலநிரலை உலகுக்கு வெளியிட்டது. அவ்வாண்டிலேயே, நிரலின் பிழைகளைப் பதிவு செய்ய டெர்ரி வைஸ்மன் உருவாக்கிய பக்ஸில்லா என்னும் பதிவேடும் பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. 2006-இல் ரெட்மைன் தோன்றியது. இவற்றில் தேடலைப் பெயரிட்டுச் சேமிக்கலாம்; தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்; குழுவினருக்கும் காட்டலாம். பக்ஸில்லாவில் சேமித்த தேடலின் விளைவைக் குறித்த வேளையில் மின்னஞ்சலாக அனுப்பும் ஏற்பாடும் உண்டு. டெக்னோபார்க்கின் மென்பொருள் பொறியாளர் தம் நிரலின் பிழைகளைத் தொடர்வதற்கும், வார்டின் சுகாதார ஆய்வாளர் தெருவின் குறைகளைத் தொடர்வதற்கும் அடிப்படையில் ஒரே வகைப் பதிவேட்டையே நாடுகின்றனர்.

கேள்வியைச் சேமித்து வைக்கும் கருத்து இதனினும் பழமையானது. 1958-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹான்ஸ் பீட்டர் லூன் என்னும் அறிஞர் ஒரு திட்டத்தை வெளியிட்டார். ஒவ்வோர் ஆராய்ச்சியாளரின் நாட்டமும் ஒரு குறிப்பாக இயந்திரத்தில் நிலைத்திருக்கும். புதிதாக வரும் ஒவ்வொரு கட்டுரையும் அக்குறிப்போடு ஒப்பிடப்படும். பொருந்தினால் உரியவருக்குச் செய்தி போகும். நூலகங்களில் இம்முறை பின்னர்ப் பெரிதும் பயன்பட்டது. இதற்கு 27 ஆண்டுகளுக்கு முன், 1931-இல், சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த சீர்காழி எஸ். ஆர். இரங்கநாதன் தம் ஐந்து நூலக விதிகளை நூலாக வெளியிட்டார். வாசகரின் காலத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது அவற்றுள் நான்காவது. குறைப் பதிவேட்டுக்கும் அவ்விதி பொருந்தும். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நூலகத்தில் தேடல் தவறினால் வாசகர் ஒரு நூலை இழக்கிறார். குறைப் பதிவேட்டில் தேடல் தவறினால் இழப்பு தேடியவருக்கன்று. எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பவருக்கே.

தேடலைத் தொடுக்கும் முறை

தேடலைத் தொடங்குமுன், அறிய வேண்டியது யாது என்பதைப் பேச்சுத் தமிழிலோ மலையாளத்திலோ ஒரே வாக்கியமாக எழுதிக்கொள்வது நன்று. ‘ஸ்ரீவராகத்திலும் மணக்காட்டிலும் மூன்று வாரமாக எவரும் தொடாத வடிகால் குறைகள் எவை?’ என்பது அத்தகைய வாக்கியம். இதில் இடம், வகை, நிலை, காலம் என்னும் நான்கு நிபந்தனைகள் உள்ளன. ஒவ்வொரு நிபந்தனையும் பதிவேட்டின் ஒரு கட்டத்தைச் சார்ந்தது. பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும் கட்டம் இருக்குமிடத்து அதனையே நாட வேண்டும். மனுவின் வாசகத்துக்குள் சொல்லைத் தேடுவது, பட்டியல் இல்லாத இடத்து மேற்கொள்ளும் இரண்டாவது வழியாகும்.

அடுத்தது நிபந்தனைகளை இணைப்பது. ‘மேலும்’, ‘அல்லது’, ‘அல்ல’ என்னும் மூன்று இணைப்புகளின் இயல்பை 1854-இல் ஜார்ஜ் பூல் என்னும் கணித அறிஞர் தம் நூலில் விரிவாக ஆராய்ந்தார். கணினித் தேடல்கள் அனைத்தும் அக்கணிதத்தின் வழி வந்தவை. இங்கே இரு பிழைகள் அடிக்கடி நேர்கின்றன.

முதலாவது அடைப்புக்குறியின்மை. ‘இடம் ஸ்ரீவராகம் அல்லது இடம் மணக்காடு மேலும் வகை வடிகால்’ என்று எழுதினால், கணினிகள் பொதுவாக ‘மேலும்’ என்பதை முதலில் இணைத்துக்கொள்ளும். விளைவாக ஸ்ரீவராகத்தின் தெருவிளக்கு, குப்பை, நாய்த்தொல்லை ஆகிய எல்லாக் குறைகளும், மணக்காட்டின் வடிகால் குறைகள் மாத்திரமும் வந்து சேரும். இரண்டு இடங்களையும் ஓர் அடைப்புக்குள் வைத்த பின்னரே வடிகால் என்னும் நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். இப்பிழையில் வேண்டாதவை மிகுதியாக வருவதால் ஊழியர் அதனை விரைவில் உணர்ந்துகொள்வார்.

இரண்டாவது பிழை கண்ணுக்குப் புலப்படாதது, ஆதலின் கொடியது. ‘வகை தெருவிளக்கு அல்ல’ என்று தேடும் ஊழியர், தெருவிளக்கு நீங்கலாக மற்றெல்லாம் வரும் என்று எண்ணுகிறார். வகை என்னும் கட்டம் வெறுமையாக விடப்பட்ட பதிவுகள் பல கணினி ஏற்பாடுகளில் இத்தேடலுக்குள் வருவதில்லை. வெறுமையானது எதற்குச் சமம் என்பது தெரியாதாகையால், அது தெருவிளக்கு அல்ல என்றும் இயந்திரம் துணிந்து கூறுவதில்லை. எந்த வகையிலும் அடங்காத குறையை எழுதியவரே பெரும்பாலும் அக்கட்டத்தை வெறுமையாக விடுகிறார். ஆகவே புதுமையான குறை, அதாவது எவரும் எதிர்பாராத குறை, முதலில் மறைந்துபோகிறது. ‘அல்லது வகை வெறுமை’ என்று ஒரு நிபந்தனையைச் சேர்த்தால் இவ்விடர் நீங்கும்.

பெயரால் விளையும் இடர்

மனுவின் வாசகத்துக்குள் சொல்லைத் தேட வேண்டிய இடங்களும் உண்டு. குளத்தின் பெயரும் சந்தின் பெயரும் பட்டியலில் இரா. அங்கே எழுத்துமுறையின் நுட்பங்கள் குறுக்கிடுகின்றன. ஸ்ரீவராகம் என்னும் பெயரே இதற்குத் தக்க சான்று.

தமிழில் ‘ஸ்ரீ’ என்னும் வடிவத்தைக் கணினியில் இருவகையாகப் பதியலாம். ஸகரத்தை முதலாகக் கொண்டது ஒன்று. 2005-இல் யூனிகோடு 4.1 பதிப்பில் சேர்க்கப்பட்ட ஶகரத்தை முதலாகக் கொண்டது மற்றொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் திரையில் ஒரே வடிவமாய்த் தோன்றும். மனிதக் கண் வேறுபாட்டைக் காணாது. இயந்திரமோ இரண்டையும் வெவ்வேறு சொல்லாகவே கொள்ளும். இவற்றோடு ஸ்ரீவராஹம், சீவராகம் என்னும் எழுத்து வேறுபாடுகளும், ஆங்கில எழுத்தில் எழுதுவோர் ஈகாரத்தைக் குறிக்கும் பலவேறு முறைகளும் சேர்கின்றன.

மலையாளத்திலும் இத்தகைய சிக்கல் உண்டு. சொல்லிறுதியில் வரும் சில்லெழுத்துகள் முன்னர் அடிப்படை எழுத்தையும் சந்திரக்கலையையும் கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறியையும் சேர்த்துப் பதியப்பட்டன. 2008-இல் வெளிவந்த யூனிகோடு 5.1 பதிப்பில் அவற்றுக்குத் தனித்தனி இடம் அளிக்கப்பட்டது. இன்றும் இருமுறையும் வழக்கில் உள்ளன. ‘கனால்’ என்று மலையாளத்தில் எழுதினால் ஈற்றில் நிற்பது சில்லெழுத்து. இருமுறையையும் ஒன்றாகக் கொள்ளும்படி பதிவேடு அமைக்கப்படாவிடில், ஒருமுறையில் தேடினால் மறுமுறையில் எழுதப்பட்ட கால்வாய்க் குறைகள் வாரா. ‘ஒன்றுமில்லை’ என்று திரை காட்டும்போது ஊர் நலமாயுள்ளது என்று ஊழியர் நம்பிவிடுவார்.

இதற்குப் பரிகாரம் எளிது. ஓரிடத்தின் பெயருக்கு வழங்கும் எல்லா வடிவங்களையும் ஒரு தாளில் தொகுத்து, அவற்றை ‘அல்லது’ என்பதால் இணைத்து ஒரே தேடலாகச் சேமிக்க வேண்டும். இத்தொகுப்பைத் தலைமை அலுவலகம் செய்ய இயலாது. எந்தக் குளத்தை மக்கள் எப்பெயரால் அழைக்கின்றனர், எந்தச் சந்துக்குப் பழைய பெயர் ஒன்றும் புதிய பெயர் ஒன்றும் உண்டு என்பவற்றை வீடுவீடாகச் செல்லும் களப் பணியாளரே அறிவர். ஹரித கர்ம சேனையின் பெண்களும் ஆஷா பணியாளர்களும் ஒரு பிற்பகல் அமர்ந்து சொல்லும் பெயர்கள், விலையுயர்ந்த மென்பொருளினும் அதிகப் பயன் தரும்.

சேமித்த எண் பழமையாதல்

சேமித்த தேடல் மாறாதிருப்பது அதன் நன்மை. அதுவே அதன் தீமையும் ஆகும். சேமித்த நாளில் உலகம் எவ்வாறிருந்ததோ அவ்வாறே அது என்றும் வினவிக்கொண்டிருக்கும்.

சிபிகிராம்ஸ் ஏற்பாட்டில் குறைகளைத் தீர்ப்பதற்குரிய காலவரம்பு 2022-இல் 45 நாட்களிலிருந்து 30 நாட்களாகக் குறைக்கப்பட்டது. 2024 ஆகஸ்டில் வெளியான நெறிமுறைகள் அதனை 21 நாட்களாக்கின. 45 என்னும் எண்ணைப் பொதிந்து ஒருவர் 2021-இல் ஒரு தேடலைச் சேமித்திருந்தால், அது இன்றும் பிழையின்றி இயங்கும். 45 நாள் கடந்தவற்றை ஒழுங்காகக் காட்டும். 22-ஆம் நாளிலிருந்து 45-ஆம் நாள் வரை விதியை மீறிக் கிடக்கும் குறைகள் அதன் பார்வையில் விழா. இயந்திரம் எச்சரிக்கை செய்யாது. ஏனெனில் அதற்கு விதி தெரியாது, எண் மாத்திரமே தெரியும்.

இடத்தின் எல்லையும் இவ்வாறே மாறுகிறது. திருவனந்தபுரம் மாநகராட்சியில் 100-ஆக இருந்த வார்டுகள் 2025-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு முன் 101-ஆகத் திருத்தியமைக்கப்பட்டன. இத்தகைய திருத்தத்தில் ஒரு தெரு அண்டை வார்டுக்குச் செல்லலாம். ஓர் எண் வேறொரு வார்டைக் குறிக்கலாம். வார்டு எண்ணைக்கொண்டு சேமித்த தேடல்கள் யாவும் அன்றே மீண்டும் பார்க்கப்படவேண்டியவை. நிலையான தேதியைக்கொண்ட தேடலுக்கும் இது பொருந்தும். ‘ஜூன் 1-க்குப் பின்’ என்று சேமிப்பதை விட ‘கடந்த 30 நாட்களில்’ என்று சேமிப்பது நெடுங்காலம் பயன்படும்.

ஆதலின் ஒவ்வொரு சேமித்த தேடலுக்கும் நான்கு விவரங்கள் எழுதப்படவேண்டும். அது எந்த வினாவுக்கு விடை தருகிறது, எந்த விதியைச் சார்ந்தது, எப்பதவியிலுள்ளவர் அதற்குப் பொறுப்பு, இறுதியாக எப்போது சோதிக்கப்பட்டது என்பவை அவை. பொறுப்பு பதவிக்குரியதாக இருத்தல் வேண்டும்; ஆளுக்குரியதாகலாகாது. ஊழியர் இடம் மாறும்போது சாவிக்கொத்தையும் கோப்புகளையும் ஒப்படைப்பது போலச் சேமித்த தேடல்களையும் பின்வருவோரிடம் ஒப்படைக்க வேண்டும். ‘புதிது’, ‘என் பட்டியல்’, ‘சோதனை 2’ என்ற பெயர்களால் எவருக்கும் பயனில்லை. ‘ஸ்ரீவராகம், மணக்காடு: 21 நாள் கடந்த வடிகால் குறைகள்’ என்ற பெயர் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும்.

பிறருடன் பகிரும் தேடலில் மனுதாரரின் பெயரும் தொலைபேசி எண்ணும் காட்டப்படலாகாது. குறையைத் தீர்ப்பதற்கு இடமும் தன்மையும் போதும். தனிமனிதத் தகவல்களைக் காக்க 2023-இல் சட்டமும் இயற்றப்பட்டுள்ளது.

முடிக்கப்பட்டவற்றுள் மறைந்தவை

தீராத குறைகளை மட்டும் தேடுவது அலுவலகங்களின் பொது வழக்கம். அவற்றின் எண்ணிக்கை குறைந்தால் பணி நன்கு நடைபெறுவதாகக் கொள்ளப்படுகிறது. இவ்வழக்கமே ஆராய்ச்சிக்குரியது.

முன்கூறிய தெருவையே கற்பனையில் தொடரலாம். ‘தெருவில் தண்ணீர்’ என்ற மனு மாநகராட்சிக்கு வருகிறது. குழாய் உடைப்பு என்று கருதி, நீர் ஆணையத்துக்கு அனுப்பப்பட்டதாகக் குறித்து ஓர் ஊழியர் அதனை முடித்துவைக்கிறார். அங்கே குழாயைச் சோதித்து, உடைப்பில்லை என்று குறித்து முடிக்கின்றனர். இருவரும் தத்தம் கடமையை முறைப்படியே செய்துள்ளனர். இரண்டு பதிவேடுகளிலும் அக்குறை முடிந்தது. தெருவில் நீர் நிற்கிறது. ‘தீராதவை’ என்னும் தேடல் எத்தனை முறை இயங்கினாலும் இதனைக் காட்டாது. ‘கடந்த 90 நாட்களில் ஒரே தெருவிலிருந்து இருமுறைக்கு மேல் வந்து, முடிக்கப்பட்டவை’ என்னும் தேடலே இதனைக் காட்டும்.

தேங்கிய நீர் அற்பமான விஷயமன்று. நுளம்பு பெருகி டெங்கு பரவுவதற்கு அது இடமளிக்கிறது. 2024-இலும் 2025-இலும் கேரளத்தில் அமீபாவால் உண்டாகும் மூளைக்காய்ச்சல் பலரைத் தாக்கியது. வெப்பமான நன்னீரில் வாழும் சில அமீபாக்கள் மூக்கின் வழியாக உட்புகுவதால் நேரும் அந்நோய், அரிதாயினும் பெரும்பாலும் உயிரைப் பறிப்பது. குளங்கள் நிறைந்த ஊர்களில், குளத்து நீரைப் பற்றிய முறையீடுகள் எவ்வகையில் பதியப்பட்டிருப்பினும் அவற்றை ஒருங்கே காட்டும் தேடல் ஒன்று சுகாதாரப் பணியாளரிடம் இருப்பது மிகையாகாது.

இரு அலுவலகங்களின் எல்லையில் கிடக்கும் நீர்வழி எத்தகைய துயரத்துக்கு இடமாகும் என்பதைத் திருவனந்தபுரம் அறிந்துள்ளது. 2024 ஜூலை 13 அன்று, தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியே செல்லும் ஆமையிழஞ்சான் தோட்டில் துப்புரவுப் பணிக்காக இறங்கிய தொழிலாளி ஒருவர் நீரில் அடித்துச் செல்லப்பட்டார். நீண்ட தேடுதலுக்குப்பின் மூன்றாம் நாள் அவருடைய உடல் கிடைத்தது. அப்பகுதியைத் துப்புரவு செய்யும் பொறுப்பு எவருடையது என்பதில் மாநகராட்சிக்கும் ரயில்வேக்கும் இடையே கருத்து வேறுபாடு வெளிப்பட்டது. கணினித் தேடல் ஒன்று அவ்வுயிரைக் காத்திருக்கும் என்று கூறுவது பொருந்தாது. பொறுப்பாளர் என்னும் கட்டம் மாறிக்கொண்டேயிருக்கும் குறைகளைத் தனியே தொகுத்துப் பார்க்கும் பழக்கம் எல்லா அலுவலகங்களுக்கும் வேண்டும் என்பதை மட்டும் அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

ஆட்சேபங்களும் விடைகளும்

களப் பணியாளருக்கு இவற்றுக்கெல்லாம் நேரமில்லை என்பது முதல் ஆட்சேபம். அது நியாயமானதே. நாளெல்லாம் தெருவில் நடந்து மாலையில் திரைமுன் அமர்பவரிடம் 20 தேடல்களை ஒப்படைத்தால் அவர் ஒன்றையும் பாரார். ஆகவே தேடல்கள் சிலவாக இருக்கவேண்டும். பெரும்பாலான வார்டுகளுக்கு நான்கு போதும். காலவரம்பு கடந்தவை; முடிக்கப்பட்டும் மீண்டும் வந்தவை; பொறுப்பாளர் இருமுறைக்கு மேல் மாறியவை; மற்றத் தேடல் எதிலும் அகப்படாதவை. நான்காவது தேடல் முதன்மையானது. ஏனைய தேடல்களின் குற்றங்களை அது ஒன்றே வெளிப்படுத்தும். வாரம் ஒருமுறை அதனைத் திறந்து பார்த்து, அங்கே ஒதுங்கிய குறைகளுக்கு உரிய இடத்தைக் கண்டறிவது அரைமணி நேர வேலை.

இத்தகைய தேடல்களைத் தலைமை அலுவலகமே அமைத்து அனுப்பலாம் என்பது இரண்டாவது ஆட்சேபம். பொதுவான விதிகளைச் சார்ந்தவற்றுக்கு அது ஏற்றதே. காலவரம்பு மாறும்போது ஒரே இடத்தில் திருத்தினால் எங்கும் திருந்தும். உள்ளூர்ப் பெயர்களையும் உள்ளூர்ச் சிக்கல்களையும் சார்ந்த தேடல்கள் அங்கிருந்து வர இயலாது. சில ஏற்பாடுகளில் களப் பணியாளருக்குத் தேடலைச் சேமிக்கும் உரிமை வழங்கப்படுவதில்லை. மேலிருந்து வரும் பட்டியலை மட்டும் அவர் காண்கிறார். அவ்வுரிமையை வழங்குவதால் வரும் சிறு குழப்பத்தை விட, வழங்காமையால் மறையும் குறைகளே அதிகம். அதனை வழங்கும்படி கேட்பது பணியாளரின் கடமையுமாகும்.

தேடல் சரியானதா என்பதை எவ்வாறு அறிவது என்பது மூன்றாவது கேள்வி. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. பணியாளர் தாமே நேரில் அறிந்த ஐந்து குறைகளின் எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். அவற்றுள் தேடலுக்குள் வரவேண்டியவை வருகின்றனவா, வரலாகாதவை விலகுகின்றனவா என்று பார்க்கவேண்டும். வரவேண்டியது ஒன்று வராவிடில் காரணம் காணும்வரை அத்தேடலை நம்பலாகாது. விளைவு வெறுமையாக வரும்போது இச்சோதனை இருமடங்கு அவசியம்.

பள்ளியில் செய்யத்தக்க பயிற்சி

ஆசிரியர்கள் இதனைக் கணினியின்றியே கற்பிக்கலாம். 20 அட்டைகளில் 20 குறைகளை மாணவர்களைக்கொண்டு எழுதச் செய்யவேண்டும். ஒவ்வோர் அட்டையிலும் இடம், வகை, நிலை, தேதி என்னும் நான்கு கட்டங்கள் இருக்கும். வேண்டுமென்றே மூன்று அட்டைகளில் வகையை வெறுமையாக விடவேண்டும். இரண்டில் இடத்தின் பெயரை வேறு எழுத்துமுறையில் எழுதவேண்டும். பின்னர் ஆசிரியர் ஒரு வினாவைக் கரும்பலகையில் எழுத, மாணவர் அதற்கு எழுத்துப்படி பொருந்தும் அட்டைகளை மட்டும் எடுத்துக்கொடுப்பர். மேசையில் எஞ்சிய அட்டைகளை அதன்பின் உரக்கப் படிக்கச் செய்யவேண்டும். கண இயலின் சேர்ப்பும் வெட்டும் நிரப்பியும் இப்பயிற்சியில் விளங்கிவிடும். கேட்ட கேள்வியால் எவருடைய குரல் விடுபட்டது என்பதும் மாணவர் மனத்திற் பதியும். கேரளத்தின் பள்ளிகளில் 2018-இல் தொடங்கிய லிட்டில் கைட்ஸ் குழுக்கள் இதனைக் கணினியிலும் செய்து பார்க்கலாம். பள்ளியின் முன்னுள்ள அடைத்த வடிகாலை மாணவர் முறைப்படி பதிவு செய்து, அதன் எண்ணைக் குறித்துவைத்து, நிலையைத் தொடர்ந்து கவனித்தால் பாடம் முழுமை பெறும்.

குறையைப் பதிவு செய்யாத குடும்பம் அண்டை வீட்டாரிடமாவது மீண்டும் மீண்டும் சொல்லிக்கொண்டிருக்கும். பதிவு செய்த குடும்பமோ, எண் கிடைத்துவிட்டது, அரசு அறிந்துவிட்டது என்று அமைதியாகக் காத்திருக்கும். அந்த நம்பிக்கையைக் காப்பது, ஸ்ரீவராகத்தின் குளக்கரையிலாயினும் வேறெங்காயினும், பதிவேட்டின்முன் அமர்ந்திருக்கும் பணியாளர் அன்று காலையில் திறக்கும் தேடலே. அதனைக் கவனத்தோடு தொடுத்து, பெயரிட்டு, சோதித்து, பின்வருவோருக்கு ஒப்படைத்துச் செல்வது சிறிய வேலையாகத் தோன்றலாம். அவ்வேலை செய்யப்படாத அலுவலகத்தில் எழுதப்பட்ட குறைகளும் எழுதப்படாதவை போலவே கிடக்கும்.